கதிரவேலுவின் நீலப் பெட்டிகள்

வெட்டிய தகட்டின் விளிம்பைக் கன்னத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார் கதிரவேலு. கீறினால் மறுபடியும் அரத்தை எடுப்பார். "கை காய்ச்சுப் போச்சு, அதுக்கு ஒண்டும் தெரியாது. முகம் பொய் சொல்லாது." நெல்லியடிச் சந்தைக்குப் பின்னாலுள்ள பட்டறையில் அவரை எப்போது கண்டாலும் கன்னத்தில் ஒரு புதுக் கீறல் இருக்கும்.

முன்பு இரும்புத் தகட்டில், உடுப்பு வைக்கும் றங்குப் பெட்டி செய்துகொண்டிருந்தவர். எண்பத்தெட்டில், வீட்டில் கணினி வகுப்புத் தொடங்க நினைத்த மகாதேவி ரீச்சர், கொழும்பிலிருந்து ஒரு கொம்பியூட்டரின் உள்ளுடலை மட்டும் சேலையில் சுற்றிப் பயணப்பையில் கொண்டுவந்தார். கூடு பைக்குள் அடங்கவில்லை. கூடு செய்யக் கூப்பிட்ட கதிரவேலு, ரீச்சர் வீட்டு மேசையில் பரந்து கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு மூச்சு எதாலை?" என்று மட்டும் கேட்டார்.

அந்த முதற்பெட்டியைத் தொட்ட ரீச்சருக்குக் கறன்ற் அடித்தது. கதிரவேலு அதைத் தூக்கிவந்து, திருகாணி பூட்டும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, நிலத்துக்குப் போகும் கம்பியை வெறும் இரும்போடு இறுக்கினார். பிறகு கறன்ற் கொடுத்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார். இன்றும் அந்தக் கை படாமல் எந்தப் பெட்டியும் வெளியே போவதில்லை.

ஆட்கள் தேடி வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நீலம், வள்ளத்துக்கு அடிக்கிற வர்ணம். "கொம்பியூட்டர் வெள்ளையாத்தானே அண்ணை இருக்கும்?" என்று அச்சகக்கார முத்துக்குமாரு இழுத்தார். "வெள்ளைதான் வேணுமெண்டால் வேட்டியாலை மூடும்."

தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரம் நின்றது. தகடு வருவதும் நின்றது. மண்ணெண்ணெய் மெசின் தந்த மின்சாரத்தில் கணினிகள் பகலில் சற்று நேரம் ஓடின. குளிராமல் கிடந்த பிரிட்ஜ்களின் கதவுகளைக் கழற்றிக் கதிரவேலு கூடு செய்தார்.

போன மாசியில் ஷெல் விழுந்து ரீச்சர் வீட்டுக் கூரை இறங்கியது. பெட்டி நசுங்கிப்போனது. உள்ளே இருந்ததைத் துவாயில் சுற்றிக்கொண்டு ரீச்சர் பட்டறைக்கு வந்தார்.

அங்கே மிஞ்சியிருந்தது ஒரேயொரு தகடு. அது மனைவி ஞானாம்பிகைக்கு. ஓட வேண்டி வந்தால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளும் உடுப்புகளும் நனையாதிருக்க ஒரு றங்குப் பெட்டி வேண்டுமென்று அவர் கேட்டு வெகுகாலம். அன்று காலையில்தான் கதிரவேலு வெண்கட்டியால் அளவுக் கோடு போட்டிருந்தார். அதை அப்படியே ரீச்சரிடம் சொன்னார்.

"அது நியாயந்தானே அண்ணை" என்று ரீச்சர் துவாயை மறுபடி சுற்றத் தொடங்கினார்.

வாசலில் நின்ற ஞானாம்பிகை, "உது இன்னும் வேலை செய்யுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. நேற்று மெசினிலை பூட்டிப் பாத்தனான். பிள்ளையளும் வந்து சுத்தி நிண்டதுகள். திறந்தபடி வைச்சுப் படிப்பிக்கத்தான் பயமாக் கிடக்கு."

கதிரவேலு மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. வெண்கட்டியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஞானாம்பிகை உள்ளே வந்தார். சேலைத் தலைப்பால் தகட்டிலிருந்த கோட்டை அழித்துவிட்டு, தகட்டின் ஒரு முனையைப் பிடித்தார்.

"வெட்டுங்கோ."

கதிரவேலு உடனே கத்தரியை எடுக்கவில்லை. தோளில் கிடந்த சால்வையை இரண்டாகக் கிழித்து, மனைவியின் கைகளில் ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டார்.