கவிழாத கை

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பது. மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில், எங்கள் சமையலறை வாசலில் அது தொடங்கியது.

அண்ணன் பிசியோதெரபி இறுதியாண்டு. மறுநாள் அவனுக்குச் செய்முறைத் தேர்வு. பரிசோதித்துக் காட்ட ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆளைத் தாமே அழைத்துவர வேண்டும் என்பது அவர்கள் கல்லூரி வழக்கம். மூன்று வாரங்களாக அந்த ஆள் நான். என் வலது முன்கையில் பேனாவால் தசைகளை வரைந்து படித்தான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன்மேல் குறுக்காகப் படுக்கும். கவிழ்ப்பவை இரண்டு தசைகள். ஒன்று முழங்கைக்குக் கீழே, மற்றது மணிக்கட்டுக்குச் சற்று மேலே. மல்லாத்தும்போது மேற்கையின் இருதலைத் தசையும் சேர்ந்துகொள்வதால் அந்தத் திசையில் பலம் அதிகம். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

அன்று காலைதான் செய்தி வந்தது: என் எம்.ஏ. தாள் ஒன்றை மறுநாளுக்கு மாற்றிவிட்டார்கள். அவனோடு வர இயலாது என்றேன். சப்ளியில், துணைத்தேர்வில், எழுதிக்கொள் என்றான். மாட்டேன் என்றேன்; எங்கள் ஊர்ப் பேச்சில், நக்கோ.

"எனக்கே நக்கோவா?"

மணிக்கட்டைப் பற்றினான். தோள் உதவிக்கு வராமலிருக்க முழங்கையை விலாவோடு அழுத்தினான். பரிசோதனையிலும் அப்படித்தான் செய்வார்கள். உள்ளங்கையை மல்லாத்தினான். அசைவு எங்கே முடியும் என்பது அந்த வீட்டில் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே நிறுத்தவில்லை. மணிக்கட்டுக்குள் ஈரத்துணி கிழிவதுபோல் ஏதோ அறுந்தது. முழந்தாளிட்டு விழுந்தேன். நெற்றி கதவின் நிலையில் மோதியது. அதன் பிறகும் ஒருமுறை திருகினான்.

மாலையில் பேனாவை எடுத்துப் பார்த்தேன். காகிதத்தின்மேல் கை கவிழவில்லை. அம்மா ஐஸ்கட்டி வைத்தபடி சொன்னார்:

"அதான் எழுத முடியாதே. அவன்கூடவாவது போயிட்டு வா."

மறுநாள் காலை போனேன். முழுக்கைக் குர்தா போடச் சொன்னவனும் அவனே. கையைக் கவிழ்க்கும்படி தேர்வாளர் சொன்னார். கட்டைவிரல் மேலே பார்க்கும் நிலையில் அது நின்றுவிட்டது. என்ன காரணம் என்று அவர் அண்ணனைக் கேட்டார். எப்போதோ பட்ட அடி என்றான்.

நான் குர்தாவின் கையை முழங்கைவரை ஏற்றினேன். நேற்று இவர் திருகியது என்றேன். பிறகு இடது கையால் அண்ணனின் விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக, நீலம் பாரித்திருந்த தடங்களின்மேல் வைத்துக் காட்டினேன்.