‘ஆம், அத்தை மகன்’ என்று எழுதினேன்

போன வருடம் ஆகஸ்ட் மாதம். திராட்சைப் பந்தலில் கொடி வெட்டும் கவாத்து வேலை முடித்துவிட்டு மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். வெளிநாட்டில் இருக்கும் என் கணவர் போன் செய்தார். குரலே சரியில்லை.

“அமலா, சொந்தத்துக்குள்ள கட்டுனவுக கல்யாணத்தை இனி ஒத்துக்க மாட்டோம்னு இங்கன சட்டம் கொண்டுவரப் போறாகளாம். அத்தை மகன், மாமன் மகளுன்னா குடும்ப விசா கெடையாதாம்” என்றார்.

பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் அமலா. சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் கணவர் அருள், என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை மகன். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளில் ஏறி மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலைதான் அவரை ஐரோப்பாவின் வடக்கே ஒரு குளிர் நாட்டுக்குக் கொண்டுபோனது. நாட்டின் பெயரை வேண்டாம் என்று விடுகிறேன். அங்கே இனிமேல்தான் நாங்கள் பிழைக்க வேண்டும். அவர் விமானம் ஏறும்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. மகள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். ஞானஸ்நானத்துக்கு ஒரு தடவை வந்து பதினைந்து நாள் இருந்தார். அவ்வளவுதான். அப்பா என்றால் போனுக்குள் வரும் முகம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

எங்கள் இருவரையும் கூட்டிக்கொள்ளும் தகுதி அவருக்கு அந்த வருடம்தான் வந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து இந்தச் செய்தி.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்கள் கல்யாணத்துக்குக் கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊர் முழுக்கக் கேட்டார்கள். நெருங்கிய சொந்தம் என்பதால் ஆயரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். எதையும் நாங்கள் ஒளித்துச் செய்யவில்லை. அதைக் கல்யாணமே இல்லை என்று சொல்ல முகம் தெரியாத யாரோ கிளம்பியிருக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் காரணம் இல்லாமல் பேசவில்லை. பெண்ணின் மனதைக் கேட்காமல் சொந்தத்துக்குள் கட்டிவைக்கிறார்கள், பிறக்கும் பிள்ளைகளுக்கு நோய் வருகிறது என்கிறார்கள். நம் பக்கம் அப்படி நடப்பதே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நடக்கிறது. ஆனால் என்னைக் கேட்காமலே என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்ன நியாயம்? பெண்ணைக் கேட்காததுதான் குற்றம் என்றால், அவர்களும்தான் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தேனியில் ஒரு ஏஜென்ட். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கொஞ்சமும் பதறவில்லை.

“ஃபார்ம்ல ‘ரெண்டு பேரும் ரத்த சொந்தமா’ன்னு ஒரு கேள்வி வரும்மா. ‘இல்லை’ன்னு போட்ருவோம். அங்கன இருந்து யாரு வந்து பாக்கப் போறாக” என்றார்.

ஆனால் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சியாகக் கல்யாணப் பத்திரிகையையும் வைக்க வேண்டும். எங்கள் பத்திரிகையில் என் அப்பா பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று பெண்ணைப் பெற்றவர். இன்னொன்று மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அதைப் பார்த்த யாருக்கும் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் ஏஜென்ட் கூப்பிட்டு ஒரு பத்திரிகையைக் கையில் கொடுத்தார். அதே மஞ்சள் அட்டை. அதே மாதா படம். அதே தேதி. புதிதாக அடித்திருக்கிறார். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ற இடத்தில் போடிநாயக்கனூர் சவரிராஜ் என்று போட்டிருந்தது.

“இது யாரு சார்?” என்று கேட்டேன்.

“மாப்பிள்ளைன்னா ஒரு மாமன் வேணும்லம்மா. அதான் ஒரு பேரைப் போட்டேன்” என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்குப் பிறக்காமலே ஒரு மாமன் வந்து சேர்ந்துவிட்டார். அப்புறம் என் அத்தையின் பெயரைத் தேடினேன். அவர் பிறந்த ஊரையும் மாற்றி எழுதியிருந்தார்கள். என் அப்பாவுக்கு அவர் தங்கையே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லூர்து அத்தை என்றால் எங்கள் தெருவே ஒதுங்கி நடக்கும். அப்படி ஒரு வாய். ஏஜென்டைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக வாசித்தார். பிறகு அதை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

“என் பொறந்த வீட்டை எடுத்துட்டாகளா? எடுக்கட்டும் தாயி. எங்கண்ணன் இருந்தா கோவிச்சுக்குவாக, அவுகதான் போய்ச் சேந்துட்டாகளே. நீயும் பிள்ளையும் அவன்கிட்டப் போயிட்டாப் போதும். என்னைய யாருன்னு வேணாலும் எழுதிக்க” என்றார்.

என் அப்பா இறந்த அன்றுகூட அத்தை இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அருளிடம் சொன்னேன், இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. அவருக்குக் கோபம்.

“ஒரே ஒரு பொய்தான அமலா. சட்டம் வந்துட்டா நாம புருஷன் பொண்டாட்டியே இல்லேன்னு ஆயிரும். அப்ப உண்மைய வச்சு என்ன செய்வ? எம்மகளை நான் எப்பத்தான் தூக்குறது?”

“தூக்குறப்ப அவளுக்கு அப்பத்தா யாருன்னு என்ன சொல்லுவீக மச்சான்?” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. அப்போது ஒரு வாரத்துக்கு மேல் பேசவில்லை. இரண்டு பக்கமும் நான் ஒருத்திதான் கெட்டவள். என் பிடிவாதத்தால் என் பிள்ளைக்கு அப்பா இல்லாமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாதா பிறப்புத் திருநாளுக்குக் கோவிலில் கொடி ஏற்றினார்கள். ஒன்பது நாள் நவநாள். முதல் நாளே போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். விசா கொடும் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை. மாதாவைச் சாட்சியாக வைத்து ஆண்டவரிடம் சண்டைதான் போட்டேன்.

“ஆண்டவரே, என் அத்தையை யாரோ என்று எழுத வைக்காதீர். நாங்கள் உம் பீடத்துக்கு முன்னால்தான் கல்யாணம் கட்டினோம். எனக்காக நீர் பேச வேண்டும். கதவைத் திறந்தால் எங்கள் சொந்தப் பெயரோடு திறந்துவிடும். இல்லையென்றால் நான் நகர மாட்டேன், தட்டிக்கொண்டே இருப்பேன்.”

வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் போனேன். தினமும் அதையே கேட்டேன்.

ஆறாவது நாள் அருள் கூப்பிட்டார். நான் பேசும் முன்பே அவர் பேசினார்.

“நேத்து மத்தியானம் இங்கன இருக்க குடியேற்ற ஆபீசுக்கு நானே போயிட்டேன். கவுண்டர்ல ஒரு அம்மா இருந்தாக. எம்பொண்டாட்டி எனக்கு மாமன் மகள், இனி வர முடியுமான்னு நேராவே கேட்டுட்டேன். அது இன்னும் பேச்சுத்தான், சட்டமாகலைன்னாக. சொந்தம்னு எழுதுனா அதுக்காக மட்டும் தள்ள மாட்டாகளாம். பொண்ணு மனசோட கட்டுச்சான்னு கேப்பாகளாம். பொய்யின்னு தெரிஞ்சாத்தான் மொத்தமா தள்ளிருவாகளாம், பல வருசத்துக்குத் திரும்பப் போடவே முடியாதாம்.”

கேட்டுக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீ சொன்னதுதான் சரி. அந்த ஆளுகிட்ட இருந்து காயிதத்தையெல்லாம் வாங்கிட்டு வந்துரு” என்றார்.

யார் சொல்லிப் போனீர்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, காலையில் எழுந்ததும் போக வேண்டும் போல இருந்தது என்றார். அவர் எழுந்த அந்த நேரம் நான் எங்கே முழங்காலில் இருந்தேன் என்று எனக்குத் தெரியும். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்ல மாட்டேன்.

மறுநாளே தேனிக்குப் போய்க் காகிதங்களைத் திரும்ப வாங்கினேன். “நீங்களே கதவைச் சாத்திக்கிறீக” என்றார் ஏஜென்ட். “சாத்துறவுக சாத்தட்டும் சார், நான் சாத்தல” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போடி சவரிராஜ் மாமா பத்திரிகையை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பங்குச் சாமியிடம் போய் விவரம் சொன்னேன். அவர் திருமணக் கோப்பைத் தேடி எடுத்தார். ஆயர் தந்த அனுமதிக் கடிதம் அதில் இருந்தது. அதோடு, கல்யாணத்துக்கு முன்னால், எங்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தந்த உபதேசியார் எழுதிய உறவு அட்டவணையும் இருந்தது. மேலே என் தாத்தா பெயர். அதிலிருந்து இரண்டு கோடு. ஒன்று அப்பாவுக்கு வந்து என்னிடம் முடிகிறது. இன்னொன்று அத்தைக்கு வந்து அருளிடம் முடிகிறது. நான் சண்டை போட்டுக் கேட்டதை அந்தத் தாளில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். “பூராத்தையும் வையி, ஒண்ணையும் எடுக்காத” என்றார் சாமி.

பூராவையும் வைத்தோம். ரத்த சொந்தமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்தேன். எப்படி உறவு என்ற இடத்தில், என் அப்பாவின் தங்கை மகன் என்று அத்தையின் பெயரோடும் பிறந்த ஊரோடும் எழுதினேன்.

ஜனவரியில் சென்னைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அத்தையும் மகளும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தமிழில் சொல்ல ஒரு பெண். அதிகாரி அந்த உறவு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடிந்திருக்குமா?”

இத்தனை மாதமும் கோபத்தோடுதான் இருந்தேன். ஆனால் பதில் சாதாரணமாக வந்தது.

“ஒரு வருசம் வேண்டாம்னுதான் சொன்னேன். அவர் அப்ப பீடி குடிப்பார். எனக்குப் பிடிக்காது. எங்கப்பாவும் அடிக்கல, அத்தையும் வையல. ‘அவ மனசு, விடுங்க’ன்னு விட்டுட்டாக.”

பிறகு எதனால் சம்மதித்தீர்கள் என்று கேட்டார்.

“சூறைக்காத்துல எங்க பந்தல் மொத்தமாச் சாஞ்சிருச்சு. அப்பாவுக்குக் கால் முடியாது. இவர் வந்து பதினோரு நாள் நின்னு கல்லுக்காலை நட்டுக் கம்பி இழுத்தார். கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பீடியும் இல்ல. பன்னெண்டாம் நாள் நாந்தான் போயி எங்கத்தைகிட்டக் கேட்டேன்.”

மொழிபெயர்த்த பெண் அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. நிறைய எழுதினார். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு காத்திருப்பு. அந்தச் சட்டத்தைப் பற்றி வாரம் ஒரு செய்தியை அருள் அனுப்புவார். இன்று வரும், நாளை வரும் என்பார்கள். “உண்மையப் பேசி என்னத்தைக் கண்ட” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். செபமாலையை விடவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காவது வாரம், புதன்கிழமை காலை, விசா வந்தது. எனக்கும் மகளுக்கும். அத்தை தெருவில் நின்று சத்தம் போட்டு அழுதார். ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, அத்தையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தச் சட்டம் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. ஒருநாள் வந்தாலும் வரலாம். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்காகவும் தினமும் மன்றாடுகிறேன்.

இதனால் நானும் மாறினேன். எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்தில் ஒரு பெண். படித்துக்கொண்டிருக்கிறாள். மாமன் மகனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். அவளுக்கு இஷ்டமில்லை, சொல்லப் பயம். முன்பென்றால் அது அவர்கள் வீட்டு விஷயம் என்று இருந்திருப்பேன். இந்த முறை போய் அவள் அப்பா முன்னால் உட்கார்ந்தேன். “எங்க ஊருல பொண்ணு வேணாம்னா விட்டுருவோம்னு வெள்ளைக்காரன்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன் சித்தப்பா. என்னையப் பொய்க்காரியாக்கிறாதீக” என்றேன். வீட்டைவிட்டுப் போகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, படிப்பு முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். அந்தப் போராட்டமும் இன்னும் முடியவில்லை.

அடுத்த மாதம் நாங்கள் கிளம்புகிறோம். இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் கையிலும் ஒரு விண்ணப்பம் இருக்கலாம். ஒரே ஒரு கட்டத்தை மாற்றிப் போட்டால் போதும் என்று யாராவது சொல்லலாம். மாற்றாதீர்கள். உங்களைப் பெற்றவர்களையும் வளர்த்தவர்களையும் அவரவர் பெயரிலேயே எழுதிவிட்டு, அதன்பிறகு ஆண்டவர் முன் முழங்கால் போட்டு உரிமையோடு கேளுங்கள். அவர் என்னைக் கைவிடவில்லை, உங்களையும் விடமாட்டார். எனக்கு விசா கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன்.