ஆன்ட்டியின் மலை

என் கடையில் உலர்ந்த ஏப்ரிகாட் பழப் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் அமெரிக்காவில், சான் ஹோசேயில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த ஆர்மீனிய ஆன்ட்டி ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில், அம்மா வேலையிலிருந்து வரும்வரை அவர்தான் என்னைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பழத்தைக் கை நிறையத் தருவார். சுவரில் பனி மூடிய அரராத் மலையின் படம். “எங்க மலை” என்பார்.

எனக்குச் சந்தேகம். அட்லஸில் தேடினால் மலை துருக்கியில் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஆன்ட்டியிடமே கேட்டுவிட்டாள்.

“எங்க தாத்தாவை அங்கேருந்து துரத்திட்டாங்க. மலை அங்கேயே நின்னுடுச்சு” என்றார் ஆன்ட்டி.

“சொந்த ஊர் விஷயத்துலயே பொய்யா? இவளை நம்பி உன்னை எப்படிடி விடறது?” என்று அம்மா மறுநாளே என்னை டேகேரில் சேர்த்தாள்.

அந்த வாரம், எங்கள் பூஜை அறைப் படத்தில் அம்மா “நம்ம மலை” என்று கும்பிடும் கைலாயத்தை அதே அட்லஸில் தேடினேன். அது சீனாவில் இருந்தது.

பயந்துபோய் அட்லஸைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நானும் ஏப்ரிகாட்டை விற்பதோடு சரி, தின்பதில்லை.