இரும்புக் கூண்டு கிடந்த இடம்

ஆரஞ்சு பீச் படகுத்துறையில் வெர்லன் ஹாட்லியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். மீன் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அதற்குப் பிறகுதான் வரும். அலபாமாவுக்குக் கடற்கரை என்று இருப்பதே ஒரு முழம். அந்த ஒரு முழத்தில் முப்பத்தெட்டு வருஷம் படகு ஓட்டி, ஓட்டிய நாளெல்லாம் யாரையாவது திட்டியவர். தூண்டிலைச் சிக்க விட்டால் திட்டு. வாந்தி எடுத்தவனுக்கு, காற்று அடிக்கும் பக்கம் போய் எடுத்ததற்காகத் திட்டு. வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வருஷமும் வந்தார்கள். அதனால் தன் வாய் யாரையும் காயப்படுத்தாது என்று மனிதர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய ‘மிஸ் கோரா’ கூட்டமாக வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போகிற படகு. இருபது பேர் இரண்டு பக்கமும் கம்பியை ஒட்டி நிற்கலாம். நூறடிக்குக் கீழே கடலின் தரையில் மீன் எங்கே கூடியிருக்கிறதோ, சரியாக அதற்கு மேலே படகை நிறுத்தி ஹாரன் அடிப்பார். ஈயக்குண்டும் கணவாய்த் துண்டுமாக இருபது தூண்டில் ஒரே நேரத்தில் இறங்கும். சங்கராவும் கலவாவும் மேலே வரும். ஆனால் அந்தக் கடலடி வெறும் மணல், மணலில் மீன் தங்காது. அதனால் அங்கே ஒவ்வொரு கேப்டனும் முறைப்படி அனுமதி வாங்கி, பழைய லாரிப்பெட்டி, கோழிக்கூண்டு என்று எதையாவது கொண்டுபோய்ப் போட்டு வைப்பார். இரண்டு வருஷத்தில் மீன் குடியேறிவிடும். போட்டது நீயாக இருந்தாலும் கடல் எல்லாருக்கும் பொது. எவன் கண்டுபிடித்தாலும் தூண்டில் போடலாம். ஆகவே போட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைக் கட்டிய மனைவியிடம்கூட யாரும் சொல்வதில்லை. கேப்டன் அறைப் பக்கம் பயணி எட்டிப் பார்த்தாலே வெர்லன் அந்த எண்கள் தெரியும் கருவியின் திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்.

ஓரன் டில்மன் வந்தால் மட்டும் மூட மாட்டார். வடக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு காகித ஆலையில் ஓரன் மேஸ்திரி. ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை ஆலை ஆட்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அதில் ஒருவன் அவருடைய தம்பி டாய்ல். இப்படிப் பத்தொன்பது வருஷம். ஆலையில் கழித்துப் போட்ட இரும்புக் கூண்டுகள் நான்கை ஒருமுறை ஓரன் தன் செலவில் லாரியில் ஏற்றி அனுப்பினார். வெர்லன் அவற்றைச் ஒன்றாக வெல்டிங் வைத்துக் கடலில் இறக்கினார். அவருடைய இடங்களிலேயே கொழுத்த இடம் அதுதான்.

இருபதாவது வருஷம் ஜூன் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு ‘மிஸ் கோரா’ அந்த இடத்துக்குப் போனபோது அங்கே வேறொரு படகு நின்றுகொண்டிருந்தது. அதே துறையைச் சேர்ந்த கேப்டன் ரட் கேசல்பெரியின் படகு. அதில் நின்ற அத்தனை பேர் தூண்டிலும் வளைந்திருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செக்கச்செவேல் என்று சங்கரா ஏறிக்கொண்டிருந்தது.

வெர்லன் இஞ்சினைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். அந்தத் திரையைப் பார்த்த வெளியாள் உலகத்திலேயே ஒருவர்தான், அவரும் இதோ பக்கத்திலேயே நிற்கிறார். அதற்கு மேல் மனிதர் யோசிக்கவில்லை. அந்தத் துறையில் எந்தக் கேப்டனும் யோசித்திருக்க மாட்டார். தன் இடத்தில் வேறு படகைப் பார்த்தால் எண் திருடு போய்விட்டது என்பதுதான் அங்கே எல்லாருக்கும் முதலில் தோன்றும்.

“ரட்டுக்கு எப்போடா குடுத்தே?” என்றார்.

“எதை?” என்று ஓரன் கேட்டார்.

“நடிக்காதே. நீ ஒருத்தன்தான் அந்தத் திரையைப் பாத்தவன்.”

“பாத்தேன், இல்லைங்கல. ஆனா யார்கிட்டேயும் வாயைத் தெறக்கலை, வெர்லன்.”

“கேட்டுக்கங்கப்பா, பாத்தாராம், வாயைத் தெறக்கலையாம்! கூட்டிட்டு வந்து காட்டுறதுக்கு வாய் எதுக்கு?”

கம்பியை ஒட்டி நின்றவர்கள் சிரித்தார்கள். கேப்டன் திட்டுவது வழக்கம், திட்டினால் சிரிப்பது அவர்கள் வழக்கம். “ரட் என்ன குடுத்தான் ஓரன், ஒரு பெட்டி பீரா? எங்களுக்கும் ரெண்டு வச்சிருக்கக் கூடாதா?” என்று ஒருவன் கேட்டான். அதற்கும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் கேப்டன் விளையாடவில்லை என்பது புரிந்தது. அதற்குள் ஓரனின் முகம் சுண்டிப்போயிருந்தது. டாய்ல் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெர்லன் உள்ளே போனார். ஓரன் ஏதோ சொல்ல வாசல்வரை வந்தார். வெர்லன் துண்டை எடுத்துத் திரையை மூடினார். அன்றைக்கு வேறு இடங்களில் மீன் கிடைக்கத்தான் செய்தது. திரும்பி வரும்வரை ஓரன் தூண்டிலைத் தொடவில்லை. அடுத்த ஜூனில் காகித ஆலையிலிருந்து யாரும் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை.

அந்த முதல் சனிக்கிழமையை வெர்லன் ஏழு வருஷம் வேறு கூட்டங்களுக்குக் கொடுத்தார். ஓரன் பேச்சு வந்தால் ‘திருட்டுப் பயல்’ என்று சொல்லிவிட்டுக் கேப்டன் அறையை விட்டு வெளியே வந்துவிடுவார். வீம்பு பிடித்த மனிதர், அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். அது கோபம் இல்லை. நண்பன் இல்லாமல் அந்தக் கேப்டன் அறை அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

போன மார்ச்சில் ரட் கேசல்பெரி படகை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகிற நாளில் மீன் அரியும் மேஜைப் பக்கம் வந்து வெர்லனிடம் கை நீட்டினார்.

“போறப்போ ஒண்ணு சொல்லிடறேன். உன் கூண்டுல நல்லாத் தின்னேன்யா.”

“எவன் காட்டுனான்னு எனக்குத் தெரியும்.”

“எவன் காட்டணும்? அந்த வருஷத்துக்கு முந்தின செப்டம்பர் புயல் ஞாபகம் இருக்கா? என் லாரிப்பெட்டியை எங்கேயோ உருட்டிட்டுப் போயிடுச்சு. நாலு நாள் மேலேயும் கீழேயுமா தேடினேன். பெட்டி கிடைக்கலை, உன் கூண்டு கிடைச்சுது. நீயா இருந்தா விட்டுட்டா வந்திருப்பே?”

வெர்லன் கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினாரா என்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. அப்போதே வண்டியை எடுத்தார். ஓரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டாக வேண்டும். மூன்று மணி நேரமும் வாக்கியங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் ஓயாத அந்த வாயில் ஒன்றும் சேரவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த ஓரன் அவர் வருவதைப் பார்த்தார். இளைத்திருந்தார். எழுந்துபோய் ஒரு டம்ளரில் ஐஸ் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“புயல்தான்” என்றார் வெர்லன். “ரட் தானாக் கண்டுபிடிச்சிருக்கான். இன்னிக்குத்தான் சொன்னான். ஓரன், நான்... அத்தனை பேர் முன்னாடி...”

“சரி, விடு.”

“எப்படிய்யா விடுறது?”

“விட்டுத்தான் இருக்கேன். மொதல்ல கஷ்டமாத்தான் இருந்தது. சர்ச்சுல மீன் பொரிச்சா, ‘இது யார் எடத்து மீன் ஓரன்?’னு ஒருத்தன் கேப்பான். தமாஷுக்குத்தான் கேப்பான். அப்புறம் நான் பொரிக்கப் போறதில்லை.”

வெர்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஜூன்ல வா. எல்லாரையும் கூட்டிட்டு வா. அதே இருபது பேர் முன்னாடி, அதே எடத்துல நின்னு நான் சொல்றேன். தப்பு என் மேலேன்னு சொல்றேன். டாய்ல் எங்கே? மொதல்ல அவனைக் கூப்பிடு, இப்பவே சொல்லிடறேன்.”

ஓரன் மறுபடி வாசலில் உட்கார்ந்தார்.

“டாய்ல் போன நவம்பர்ல போயிட்டான். நுரையீரல்ல வந்துச்சு.”

வெர்லன் தொப்பியைக் கழற்றினார்.

“கடைசி வாரம் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ஏழு வருஷமா அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அன்னிக்கு எடுத்தான். ‘அந்தக் கூண்டு விஷயம்... நீ ரட்டுக்குச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லண்ணா, நான் மன்னிச்சுட்டேன்’னான்.”

“நீ என்ன சொன்னே?”

“மூச்சு விடவே முடியாதவன்கிட்ட என்னத்த வழக்காடுறது? ‘சரிடா தம்பி, மனசுல வச்சுக்காதே’ன்னேன்.”