தறி நின்றால் விழிப்பவன்

என் பேரனுக்குக் காது கேட்காது என்று நான் நம்பிய பத்து நாட்களைப் பற்றி எழுதுகிறேன். நம்பினேன் என்பதைவிட, அதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தேன் என்பதே சரி.

மருமகள் பக்கத்தில் மங்கலம் என்ற ஊர்க்காரி. ஏழாம் மாதம் சீர் முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். அந்த வீட்டுச் சுவருக்கு அப்பால் அவர்களுடைய ஆறு விசைத்தறிகள். பிறந்து இருபதாம் நாள் நான் திருப்பூரிலிருந்து பார்க்கப் போனபோது, அவ்வளவு இரைச்சலிலும் குழந்தை தூங்கினான். மருமகள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டிலருகே கை தட்டினேன். அசையவில்லை. சாவிக்கொத்தால் டம்ளரைத் தட்டினேன். இமைகூட ஆடவில்லை.

முப்பது வருடம் கல்லூரியில் ஒலியியல் நடத்தியவன் நான். தறிச் சத்தத்தில் என் கைதட்டல் மூழ்கிப்போயிருக்கும் என்பது என் மாணவர்களுக்கே தெரியும். எனக்கு வேறொன்று தோன்றியது. சம்பந்தியிடம் எதைச் சொன்னாலும் "ஏனுங்க?" என்று இரண்டு முறை கேட்பார். அவரும் சம்பந்தியம்மாவும் தறிகளுக்கு நடுவே வாய் திறக்காமல் கையாலேயே பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து என்று பொருள். இரைச்சலில் வேலை செய்யும் தறிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான்; அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பரம்பரைக் குறையை மறைத்துப் பெண் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கல்யாணத்தில் மருமகளின் சித்தப்பா யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுப் போனதுகூடச் சாட்சியாகிவிட்டது.

மகனைக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டில் யாருக்காவது காது கேட்காதா என்று பக்குவமாக விசாரிக்கச் சொன்னேன். தெரியும்வரை தாயையும் பிள்ளையையும் இங்கே அழைத்து வர வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் அவளிடமே கேட்டான். பக்குவமாகக் கேட்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது மருமகள் காபி கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"மாமா, அன்னிக்கு நீங்க கை தட்டுனதப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். இப்ப எம்பட முன்னாலயே பாருங்க."

அன்று மற்ற தறிகள் பாவு நூல் தீர்ந்து நின்றிருந்தன. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் போய் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். அந்தப் பக்கம் அவள் அப்பா தறியை நிறுத்தினார். அடுத்த அடி விழ வேண்டிய நேரத்தில் விழவில்லை. குழந்தையின் இரண்டு கைகளும் விரிந்தன, கண்கள் திறந்தன. அழவில்லை. எதையோ எதிர்பார்ப்பதுபோல் கிடந்தான். தறி மீண்டும் ஓடியதும் இமைகள் மெல்ல மூடின. மறுபடி நிறுத்தினார், மறுபடி விழித்தான்.

"ஏழாம் மாசத்துல இருந்து வயித்துக்குள்ள இதக் கேட்டுட்டுக் கெடந்தவனுங்க. சத்தம் அவனுக்குப் புதுசில்லீங்க. நின்னாத்தான் புதுசு."

அப்போதும் என் மனம் விடவில்லை. காதால் அல்ல, அதிர்வால் விழிக்கிறானோ என்று தொட்டில் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அவள் அதையும் கவனித்தாள்.

"இன்னும் என்னங்க மாமா சந்தேகம்?"

கயிற்றிலிருந்து கையை எடுத்தேன். அந்த வாரமே டாக்டரிடம் காட்டினார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் மூளை, தூக்கத்திலும் தாளத்தின் அடுத்த அடியை எதிர்பார்க்கும் என்று பிறகு படித்தேன். படித்தது எனக்கு ஆறுதலாக இல்லை. கண்ணெதிரே காட்டியதை நம்பாதவனுக்குப் படிப்பு எதற்கு?

மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை உடுங்க மாமா" என்றாள். சம்பந்தியிடம் இன்னும் கேட்கவில்லை.

இப்போது பேரனுக்கு எட்டு மாதம். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். மடியில் வைத்துத் தொடையில் தாளம் தட்டினால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். தட்டத் தொடங்கியதும் மருமகள் உள்ளேயிருந்து வந்து, அன்று தொட்டிலருகே பார்த்ததுபோல் என் கையையே பார்த்து நிற்கிறாள். முகத்தில் கோபம் இல்லை. நான் நிறுத்தும்வரை காத்திருந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு போகிறாள்.