சின்னப்பொண்ணு அக்காவின் காடு

இன்று கோர்ட்டில் என் கட்சிக்காரரை நானே மாட்டிவிட்டேன்.

கல்வராயன் மலையில் சாமை விதைக்கும் சின்னப்பொண்ணு அக்காவின் நிலம் வனத்துறைக்குச் சொந்தமா என்பதுதான் வழக்கு.

"எங்க காட்லதான் வெதைக்கிறோங்க" என்று அவர் சொன்னதைப் பதிவு செய்து, ஆங்கிலத்தில் வாக்குமூலமாக எழுதித்தர ஏஐயிடம் கொடுத்தேன். மலையில் காடு என்றால் விளைநிலம். ஏஐ அது பாட்டுக்கு வனம் என்று எழுதிவிட்டது. நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

"ஏஐ செஞ்ச தப்புங்கய்யா" என்றேன்.

"கையெழுத்து யாருது?" என்றார் நீதிபதி. திருத்த ஒரு வாரம் தந்தார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "நான் சொன்னத உட்டுட்டு இன்னா எழுதினீங்க? நெலம் போயிடுமாங்க?"



வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட வக்கீல் நான் மட்டும்தானா? வக்கீல் நண்பர்களே, இன்றைக்காவது உண்மையைச் சொல்லுங்கள்.