லேசா ஒரு பை காட்டுங்க

பைக் கடைக்காரிகிட்ட யாரும் பை மட்டும் கேக்க மாட்டாங்க. கூடவே வழி கேப்பாங்க, வெயில் எப்படின்னு கேப்பாங்க, தோள்வலிக்கு எந்தத் தைலம் நல்லதுன்னும் கேப்பாங்க.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்க ஊர்ல, பெரிய மார்க்கெட் பக்கத்துல எங்க அத்தா ஆரம்பிச்ச கடை. முன்னாடி நான் விக்கிறேன், பின்னாடி மிஷின்ல உக்காந்து தம்பி பஷீர் தைக்கிறான். வருஷம் பூரா ஸ்கூல் பை, ஊருக்குப் போற பை. ஆடி பொறந்தா போதும், பாதயாத்திரைக்காரங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. ஒருத்தர் மேல்மருவத்தூர்னு வருவார், ஒருத்தர் திருப்பதின்னு வருவார், கொடியேத்தம் நெருங்கிட்டா கூட்டம் கூட்டமா வேளாங்கண்ணிக்காரங்க. எல்லாரும் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: "லேசா ஒரு பை காட்டுங்க." இந்த நாலு வார்த்தை காதுல விழுந்தாலே எனக்கு பிரஷர் ஏறும். கடை வச்சிருக்கற சனங்களே, யாத்திரைக்கு ஆளை அனுப்பிட்டு வீட்ல வென்னீர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கற சனங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

காலிப் பையோட ஒரு ரவுண்டு

வர்றவங்க எல்லாம் பையைக் காலியாத்தான் மாட்டிப் பாப்பாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, கடைக்குள்ளயே ரெண்டு நடை நடந்து, "தோள்ல இருக்கறதே தெரியலங்க"ன்னு பூரிச்சுப் போவாங்க. எப்படித் தெரியும்? உள்ள ஒண்ணுமே இல்லியே! காலியா இருந்தா கோணிப்பைகூட லேசாத்தான் இருக்கும்.

போன சீசன்ல ஒரு காலாப்பட்டுக்காரர்கிட்ட பொறுக்க முடியாம சொல்லிட்டேன், "வீட்டு சாமானைக் கொண்டாந்து போட்டுப் பாத்து வாங்குங்க"ன்னு. சொன்னது தப்பாப் போச்சு. மறுநாள் ஆட்டோவுல வந்து இறங்கினார். ரெண்டு போர்வை, காத்து ஊதற தலகாணி, பிளாஸ்க், குடை, மடக்கு நாற்காலி, அது போக அரை டின் முறுக்கு. எல்லாத்தையும் திணிச்சார். ஜிப்பு பாதி வழியில பல்லை இளிச்சிடுச்சு. மனுஷன் பையையும் பாத்தார், சாமானையும் பாத்தார், கடைசியா என்னையும் பாத்துட்டுக் கேட்டார்: "பை லேசு, அது சரி, சாமானை லேசாக்கற பை ஏதும் வந்திருக்குதா?"

முசியேவோட கணக்கு

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற ஒரு பெரியவர் எங்களுக்குப் பழைய வாடிக்கை. சொல்தான்னா பிரெஞ்சுல சிப்பாய், சொல்தா வீட்டுக்காரர்னுதான் மார்க்கெட்ல சொல்லுவாங்க. நான் அவங்க பாஷையில ஐயாங்கற மாதிரி முசியேன்னு கூப்பிடுவேன். அவர் மகன் பாரிஸ்ல இருக்கான். ரெண்டு பேருமா ஸ்பெயின்ல ஒரு புனிதர் கல்லறைக்கு வாரக்கணக்குல நடக்கற பாதையில போகப் போறாங்களாம். பெரிய பெட்டி எல்லாம் வண்டியில முன்னாடி போயிடும், பகல்ல முதுகுல மாட்டிக்க மட்டும் ஒரு சின்னப் பை வேணும்னார். அப்பாடா, விவரம் தெரிஞ்ச மனுஷன் ஒருத்தராவது வந்தாரேன்னு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

பட்டாளத்துல ஒரு கணக்கு உண்டாம். ஆளோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல முதுகுல ஏத்தக்கூடாது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பஷீரைக் கூப்பிட்டு, கேட்டுக்கடான்னு சொன்னேன். அதுக்குள்ள முசியே கைப்பையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து மேஜைமேல வைக்கிறார். ரெயின்கோட்டு, தொப்பி, பைபிள், அதுக்கப்புறம் ரெண்டு பெரிய பாட்டில் மாங்கா ஊறுகாய். ஸ்பெயின்ல சோறு சப்புன்னு இருக்குமாம். "முசியே, ஊறுகாயோட சேத்தா கணக்கு மீறிடாதா?"ன்னு கேட்டேன். ஆள் நல்லா கதவு நிறையற மாதிரி இருப்பார். வயித்தைத் தட்டிக் காட்டிட்டு சொன்னார்: "மதாம், பின்ன இத்தனை வருஷமா இந்த உடம்பை எதுக்கு வளர்த்து வச்சிருக்கேன்?"

பாதி நடை, பாதி பஸ்

இனிமே சொல்லப் போறது எல்லாம் செல்வராசு அண்ணன் கதை. ரெட்டியார்பாளையத்துக்காரர், ஸ்கூல் வேன் ஓட்டறார். அவர் சம்சாரம் கமலா அக்காவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் நடந்தப்ப, ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு, "மாதாவே, இவ எழுந்து நடந்துட்டா நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்"னு வேண்டிக்கிட்டார். அக்கா எழுந்து நடந்துட்டாங்க. அண்ணன்தான் நடந்து முடிக்கல. போன வருஷம் கிளம்பினவர், சிதம்பரத்துல தோள் கன்னி, இடுப்பு பிடிச்சு, பஸ் ஏறிட்டார். அக்கா ஒரே வார்த்தை சொல்லிட்டாங்களாம்: இந்த வருஷமும் நீ பஸ் ஏறினா, அந்த வேண்டுதலை இந்தக் காலோட நானே நடந்து முடிப்பேன். அவ்ளோ தூரம் நடந்தா அந்தக் கால் தாங்காதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்கார். அண்ணன் என் கடையில உக்காந்து இதைச் சொல்லும்போது குரல் உடைஞ்சு போச்சு.

"அப்படி என்னத்தண்ணே தூக்கிட்டுப் போனீங்க?"ன்னு கேட்டேன். அவரு சாமான் ஒரு துண்டு, ஒரு வேட்டிதானாம். மிச்சம் பூரா தெருவோட சாமான். நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். போக முடியாதவங்க நடந்து போறவங்க கையில காணிக்கை குடுத்தனுப்புவாங்க. வேணாம்னா சாமிக்குத்தம். எதிர்வீட்டு லூர்து டீச்சர் ஒரு கட்டு மெழுகுவத்தி குடுத்திருக்காங்க. கண்ணு நோவுன்னு வேண்டிக்கிட்ட இஸ்திரிக்காரர் வெள்ளித்தகட்டுல செஞ்ச கண்ணு. குழந்தைக்கு வேண்டிக்கிட்ட பொண்ணு மரத்தொட்டில். ஒரு வீட்ல முளைவிட்ட தேங்கா. அத்தனையும் முதுகுல! அவ்வளவும் சிதம்பரத்துல இவரோட சேந்து பஸ் ஏறியிருக்கு. யார் வேண்டுதல் செல்லும், யார் வேண்டுதல் செல்லாதுன்னு அண்ணனுக்கே சந்தேகம்: "பாதி நடந்து போச்சு, பாதி பஸ்ல போச்சு, மாதாவுக்கே குழம்பியிருக்கும் தங்கச்சி."

ஒரே ஒரு கொக்கி

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இந்தத் தடவை அந்த மனுஷனை நடக்க வைக்கலன்னா நான் ஜமீலா இல்லன்னு பஷீர்கிட்ட சபதமே போட்டேன். பாராசூட் துணியில தைக்கச் சொன்னேன். தோள்பட்டையில ஸ்பாஞ்ச், இடுப்புல ஒரு பெல்ட். சைடு பாக்கெட்டு கிடையாது, முன் பாக்கெட்டு கிடையாது. வாய் மட்டும் சின்னதா இருக்கணும், ஒரு மெழுகுவத்திகூட நுழையக்கூடாது. பஷீர் தலையைச் சொறிஞ்சான். "துண்டை எடுக்க அவர் கையாவது நுழையணும்லக்கா?" அது ஒண்ணுக்கு மட்டும் விட்டுக்குடுத்தேன்.

பையை வாங்கிட்டுப் போக கமலா அக்காவே வந்தாங்க. கால்ல கொஞ்சம் தாங்கல் இருக்கு, ஆனா வாய் கணீர்னு. பையைத் தூக்கிப் பாத்தாங்க, உள்ள கையை விட்டுப் பாத்தாங்க, "அழகா இருக்கு ஜமீலா"ன்னாங்க. எனக்கு உச்சி குளுந்து போச்சு. "பின்பக்கம் மட்டும் ஒரு கொக்கி வச்சுக்குடேன்." கொக்கி எதுக்குக்கான்னு கேட்டேன். "தெருவுல நாலு பேர் குடுப்பாங்க இல்ல? உள்ள வச்சாத்தானேம்மா பை கனக்கும், இது வெளியதானே தொங்கப்போவுது."

வடக்க ஒரு ஒத்திகை

கொக்கி வைக்கல. சண்டை போட்டுத்தான் அனுப்பினேன். கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, பையை மாட்டிக்கிட்டு ஈ.சி.ஆர்ல காலாப்பட்டு வரைக்கும் நடந்து பாத்துட்டு வாங்கண்ணேன்னு சொன்னேன். மனுஷன் வேளாங்கண்ணி நடைக்காரங்க கட்டற காவி வேட்டி, காவித் துண்டு எல்லாம் கட்டிக்கிட்டு முழு வேஷத்தோட கிளம்பியிருக்கார். சாயங்காலம் கடைக்கு வந்து நின்னார். முதுகுல என் பை சமத்தா இருக்கு, ரெண்டு கையிலயும் ரெண்டு மஞ்சப்பை தொங்குது.

பிள்ளைச்சாவடியில மீன் விக்கிற பொம்பளைங்க காவியைப் பாத்ததும் "வேளாங்கண்ணிக்கா?"ன்னு கேட்டிருக்காங்க. ஆமா, ஆனா இன்னிக்கு இல்லன்னு இவர் சொல்லியிருக்கார். ஆமாங்கறது மட்டும்தான் அவங்க காதுல விழுந்திருக்கு, ஆளாளுக்குக் காணிக்கையைக் கையில திணிச்சிட்டாங்க. எனக்கு வந்ததே கோவம்! "ஏண்ணே, வேளாங்கண்ணி தெக்க இருக்கு, நீங்க வடக்க போயிட்டிருந்தீங்க. ஒருத்தியும் கேக்கலையா?" அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னார்: "கேட்டாங்க தங்கச்சி, வழி தெரியாத ஆளு, பாவம்னு சொல்லி இன்னும் ரெண்டு மெழுகுவத்தி குடுத்தாங்க."

நடந்த மெழுகுவத்தி

கிளம்பற அன்னிக்கு விடியக்காலையிலயே பஷீர் வண்டியில உக்காந்து நான் ரெட்டியார்பாளையம் போயிட்டேன். நினைச்சது சரியாப் போச்சு. தெரு மொத்தமும் வாசல்ல நிக்குது, ஒருத்தர் கையும் சும்மா இல்ல. நான் பைக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டேன். "ஒரு ஊதுவத்திகூட உள்ள போகாது. கமலா அக்கா கடைசி நாள் பஸ்ல போறாங்க, எல்லாத்தையும் அவங்ககிட்ட குடுங்க"ன்னேன். லூர்து டீச்சர் ஒத்துக்கவே இல்ல. "போன வருஷம் பஸ்ல போனதாலதான் என் பொண்ணுக்கு இன்னும் வரன் அமையல. பஸ்ல போற மெழுகுவத்தி எனக்கு வேணாம், நடந்துதான் போகணும்."

எனக்குப் பொறுமை போயிடுச்சு. "நடக்கணுமா? அப்ப நீங்களே தூக்கிட்டு நடங்க! முதலியார்பேட்டை வரைக்கும் அவர்கூட நடந்து வந்து, அங்க கமலா அக்கா கையில குடுங்க. நடந்த மெழுகுவத்தி ஆயிடுச்சா இல்லியா?" கோவத்துல கத்தினதுதான். லூர்து டீச்சர் செருப்பைக் கழட்டிப் போட்டாங்க, மெழுகுவத்திக் கட்டைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாங்க. இஸ்திரிக்காரர் வண்டியை மூடிட்டு வந்தார். தொட்டிலைத் தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு வந்துது. முன்னாடி செல்வராசு அண்ணன் சின்னப் பையோட கையை வீசிக்கிட்டு நடக்கறார், பின்னாடி தெருவே நடக்குது. சொல்ல வெக்கமா இருந்தாலும் சொல்லிடறேன், எனக்கு அழுகையே வந்துடுச்சு. முதலியார்பேட்டையில ஆட்டோவுல உக்காந்து கமலா அக்கா சாக்கை விரிச்சுப் பிடிச்சாங்க. லூர்து டீச்சர் தோளைப் பிடிச்சுக்கிட்டு அங்க இருந்த கடைப் படியில சாஞ்சு உக்காந்து மூச்சு வாங்கினாங்க. "ஒரு கட்டு மெழுகுவத்தி இவ்ளோ கனம்னு எனக்கு யாருமே சொல்லலையே!"

தகடுதான்

தினமும் போன் வரும். கடலூர் போயிட்டேன் தங்கச்சி, கால்ல கொப்புளம், தோள் நல்லா இருக்கு. சிதம்பரம் தாண்டிட்டேன்னு சொன்ன அன்னிக்குக் கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

நாகூர் வந்ததும் போன் பஷீருக்குப் போச்சு. எனக்கு வரல. அவன் மிஷினுக்குப் பின்னாடி போய்க் குசுகுசுன்னு பேசறான். "அண்ணே, இடது தோள்பட்டை உள்துணியில வெள்ளை நூல் தெரியுதா? அதைப் பிரிங்க. ஆங், அதேதான். தர்காவுல போட்டுடுங்க." நான் பாய்ஞ்சு போனைப் பிடுங்கினேன். ஊர்ல ஒருத்தரையும் ஒண்ணும் வைக்க விடாம நான் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன், என் கடையிலயே, என் மிஷின்லயே, இவன் தன் காணிக்கையை வச்சுத் தைச்சு அனுப்பியிருக்கான்! என்னடா அதுன்னு உலுக்கினேன். வெள்ளித்தகட்டுல செஞ்ச நாக்காம். "நாக்கா? உனக்கு நாக்குல என்னடா வியாதி?" மிஷினுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்னுக்கிட்டு சொன்னான்: "எனக்கில்லக்கா, அது உன் நாக்குக்கு, வெறும் தகடுதான், கனமே இல்ல."

எதிர வந்த கால்

மறுநாள் சாயங்காலம் செல்வராசு அண்ணன் கூப்பிட்டார். விசும்பல்தான் கேக்குது. இவ்ளோ தூரம் போய் விழுந்துட்டாரோ, பஸ் ஏறிட்டாரோன்னு பதறிப் போயிட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியற இடம் வரைக்கும் வந்துட்டாராம். அதுக்கு மேல கால் எடுத்து வைக்க முடியலயாம். ரோட்டோரமா உக்காந்துடலாமா, இல்ல ஒரு ஆட்டோவைக் கைகாட்டிடலாமான்னு நின்னிருக்கார். அந்தக் காவிக் கூட்டத்துக்கு எதிர் திசையில ஒரு பொம்பளை வர்றது தெரிஞ்சிருக்கு. கையில கோல் இல்ல, யாரையும் பிடிச்சுக்கல. மெதுவா, ஆனா நிக்காம வந்திருக்காங்க. கமலா அக்கா! காலையிலயே பஸ்ல வந்து, சாக்கைக் கோயில்ல சேத்துட்டு, இவரைக் கூட்டிட்டுப் போக நடந்து வந்திருக்காங்க. எந்தக் காலுக்காக இவர் வேண்டிக்கிட்டாரோ அந்தக் கால் எதிர வந்து நின்னுது. பையைக் கழட்டித் தன் தோள்ல மாட்டிக்கிட்டு, அவரோட சேந்தே மிச்ச தூரத்தை நடந்து முடிச்சிட்டாங்க.

போனை அக்காகிட்ட குடுங்கன்னு சொன்னேன். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். "ஏங்க்கா, தூரமா நடக்காதேன்னு டாக்டர் அவ்ளோ சொல்லியும் எதுக்கு நடந்தீங்க?"ன்னு கேட்டேன். அக்கா சிரிச்சாங்க. "கால் சரியாப் போச்சுன்னு சொல்லத்தானே அந்த ஆளு இவ்ளோ தூரம் நடந்து வந்தான், நான் நடந்து காட்டலன்னா மாதா எதைப் பாத்து நம்புவா?"

ஒருத்தர் முதுகுல எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியாம பைக்கு அளவு சொல்லவே கூடாதுன்னு எனக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு, அதனால இப்பல்லாம் லேசா ஒண்ணுன்னு கேட்டு வர்றவங்களுக்கு வாயைத் திறக்காம ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக் குடுத்துடறேன்.